உயரக் கட்டின கொண்டை

ஒரு வலது கையின் விலை மூவாயிரத்து இருநூறு ரூபாய்.

மட்டக்களப்பு டவுனில் ஒரு நகைக்கடையில் அழகரத்தினம் கேட்டு வைத்த விலை அது. வெள்ளித் தகட்டில் அடித்த கை. அமிர்தகழிக்குப் போய் மாமாங்கேஸ்வரருக்கு நேர்த்திக்கடனாகப் போடுவது. இடது கை என்ன விலை என்று விசாரித்தார். அதுவும் அதே விலைதான் என்றான் கடைக்காரன். வலதுக்கும் இடதுக்கும் ஒரே விலை சொல்லுகிற யாவாரியை அவர் அன்றைக்குத்தான் கண்டார். கடைசியில் இரண்டாயிரத்து எண்ணூறுக்குக் கேட்டு, கடைக்காரன் முகத்தைத் திருப்பிக்கொள்ள, எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

கடவுளுக்குக் குடுக்கிற கையிலேயே கழிவு கேட்ட மனிதர், கட்டின மனிசியின் சொந்தக் கைக்கு எவ்வளவு கழிவு விட்டுக் குடுத்தார் என்பதுதான் இந்தக் கிழமைக் கதை.

இடையில் ஒன்றிரண்டு கிழமையைத் தவற விட்டவர்களுக்கு மட்டும்: அவருடைய மனிசி கேதீஸ்வரி, ஓ.எல் சோதனை வகுப்புக்குக் கணிதம் படிப்பிக்கிற டீச்சர். மார்கழி மழையில் கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்து, வலது தோளடியில் எலும்பு வெடித்தது. வெட்டிக் கொத்தத் தேவையில்லை, கையைக் கழுத்தில் தொங்க விட்டால் எலும்பு தானாகப் பொருந்தும் என்றார் டொக்டர். பொருந்தியது. ஆனால் சும்மா கிடந்த தோள் துருப்பிடித்த பூட்டு மாதிரி இறுகிப் போனது. அதைத் திறக்கத்தான் பிசியோ.

சித்திரை வருசப்பிறப்பு முடிந்து பள்ளிக்கூடம் தொடங்குகிற அன்றோடு அவளுடைய மெடிக்கல் லீவும் முடிகிறது. கரும்பலகையின் மேல் வரிக்குக் கை எட்டாத கணித டீச்சரைக் கந்தோர் மேசையில் இருத்தி, வரவுப் புத்தகம் எழுத விடுவார்கள். கேதீஸ்வரிக்கு அதைவிட வீட்டில் இருக்கலாம். வீட்டில் இருப்பதைவிட வகுப்புத்தான்… அதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை.

இன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பது தோளை அளந்து பார்க்கிற நாள்.

செங்கலடிச் சந்தியில் நெல்லும் அரிசியும் வாங்கி விற்கிற அழகரத்தினத்துக்கு, பிசியோ என்ற சாமான் தொடக்கத்திலிருந்தே பிடிபடவில்லை. குளிசை என்றால் வாங்கலாம். ஊசி என்றால் போடுவிக்கலாம். நல்லதாக, விலை கூடினதாக, கொழும்பிலிருந்து எடுப்பிக்கலாம். இது அப்படியில்லை. சுவரில் விரலை நடக்க விடு, தடியைப் பிடித்துத் தூக்கு, யன்னல் கம்பியில் கயிறு போட்டு இழு. காசு குடுத்து இன்னொருவனைக் கொண்டு செய்விக்க முடியாத வேலை உலகத்தில் இருக்கிறது என்பதே அவருக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

அதைவிடப் பெரிய பிழையை அவர் மனதுக்குள் விட்டிருந்தார். முதல் நாள் பிசியோ செய்விக்கிற தனுஷியா மிஸ் ஒவ்வொரு பயிற்சியும் இருபது தரம் என்று சொன்னபோது, அவர் அதை அப்படியே எடுக்கவில்லை. யாவாரத்தில் ஆரும் கடைசி விலையை முதலில் சொல்லமாட்டார்கள். இருபது என்று சொல்லுகிறவள் பத்தை மனதில் வைத்துத்தான் சொல்லுவாள். பத்துச் செய்தால் அவளுக்கும் நட்டமில்லை, நமக்கும் லாபம். கேதீஸ்வரி பத்தில் முகம் சுழித்தால் எட்டு. கண்ணில் தண்ணீர் வந்தால் அதுவும் வேண்டாம். "விடு புள்ள, நாளைக்குச் சேத்துச் செய்வம்" என்பார். நாளைக்கு என்ற அந்தக் கடன் ஒருநாளும் அடைபட்டதில்லை.

அதோடு நின்றாலும் பரவாயில்லை. அடுப்படித் தட்டில் உயரத்தில் இருந்த சீனிப் போத்தல், மாப் பேணி, தேங்காய் துருவி எல்லாவற்றையும் இறக்கி, இடுப்பளவு உயரத்தில் அடுக்கிக் குடுத்தார். முற்றத்தில் துணி காயப்போடுகிற கொடியைப் பதித்து, தோளுக்குக் கீழே கட்டினார். காலையில் எண்ணெய் வைத்து, வாரி, கொண்டையும் போட்டுவிட்டார். ஆயிரம் நெல்மூட்டைக்கு வாய் கட்டின விரல். மனிசியின் தலைமுடிக்கும் அது முதலில் மூட்டை முடிச்சைத்தான் போட்டது. ஒரு கிழமையில் பழகிவிட்டது. பக்கத்து வீட்டுச் சீனிப்பிள்ளை அக்கா வேலியால் எட்டிப் பார்த்து, கட்டினால் இப்படி ஒரு மனிசனைக் கட்டவேணும் என்று தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தா. அந்தப் பேச்சு அழகரத்தினத்துக்கு வெல்லமாக இனித்தது.

"வீட்டுல டீச்சர் செய்யிறாவா ஐயா?" என்று தனுஷியா ஒவ்வொரு முறையும் கேட்பாள்.

கேதீஸ்வரி வாய் திறக்குமுன் அவர் முந்திக்கொள்வார். "விடாமச் செய்யிறா மிஸ்."

இன்றைக்கும் அதைத்தான் சொன்னார்.

தனுஷியா இரண்டு கால் வைத்த பெரிய கோணமானியைத் தோளில் பொருத்திப் பிடித்தாள். கையை முன்னால் தூக்கச் சொன்னாள். கேதீஸ்வரி தூக்கினாள். கை தோள் மட்டம் வரைக்கும் வந்து, அங்கே நின்றது. அதுக்கு மேல் போனது கை இல்லை. தோள் முழுவதும் காதை நோக்கி ஏறியது. கள்ளத் தராசில் பெருவிரல் வைத்து நிறை காட்டுகிற மாதிரி.

"தோள ஏத்தாதீங்க டீச்சர். கை மட்டும்."

கோணமானியைத் தனுஷியா வாசிக்க வேண்டியிருக்கவில்லை. ஆயுசு முழுக்கப் பிள்ளைகளுக்குக் கோணம் அளக்கப் படிப்பித்தவள் தன் கையைத் தானே பார்த்தாள்.

"செங்கோணம்" என்றாள் கேதீஸ்வரி. "போன முறையும் இதுதான்."

தனுஷியா பின்னால் வந்து, தோள்பட்டையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவளுடைய கண் மேலே போனது. எண்ணெய் மினுங்க, ஒரு மயிர் பிசகாமல், உச்சிக்குக் கொஞ்சம் கீழே உருண்டையாக நின்றது கொண்டை.

"இந்தக் கொண்டை ஆர் கட்டின?"

கை செங்கோணத்தில் நிற்கிற ஒருத்திக்கு உச்சியில் கொண்டை எப்படி வரும் என்று விளங்க, கணிதம் படிப்பிக்கத் தேவையில்லை.

"இவர்தான்" என்றாள் கேதீஸ்வரி, நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

ஒவ்வொன்றாக வெளியே வந்தது. இறக்கி வைத்த பேணி, பதித்துக் கட்டின கொடி, எட்டாகக் குறைந்த இருபது. தனுஷியா ஏசவில்லை. ஏசியிருந்தால் அழகரத்தினம் திருப்பி நாலு கதை சொல்லியிருப்பார். ஏச்சுக்குப் பதில் சொல்லுவது அவர் பிறந்த வீட்டுத் தொழில். அவளோ கதிரையை இழுத்து அவருக்கு எதிரே போட்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்லுகிற மாதிரி விளங்கப்படுத்தினாள். சுவரில் செய்கிறதெல்லாம் ஒத்திகைதான் என்றாள். சீனிப் போத்தலை எட்டி எடுக்கிறது, சீலையைக் கொடியில் வீசிப் போடுகிறது, சொந்தத் தலையைச் சொந்தக் கையால் கட்டுகிறது, அதுகள்தான் மருந்து. ஒருநாளில் எத்தனையோ தரம், மருந்து என்று தெரியாமலே உடம்புக்குள் போகிற மருந்து.

"நீங்க நல்ல மனிசன் ஐயா, நான் இல்லெண்டு சொல்லல்ல. ஆனா டீச்சருக்குக் குடுத்த மருந்தெல்லாத்தையும் நீங்க குடிச்சிட்டீங்க."

நோவு வரும் என்றும் சொன்னாள். முறிக்கிற நோவு வேறு, திறக்கிற நோவு வேறு. இரண்டையும் பிரித்துக் காட்டத்தான் தான் இருப்பதாகவும், இது திறக்கிற நோவு என்றும். அடுத்த அளவிலும் கை இங்கேயே நின்றால், பெரிய டொக்டர் ஒப்பரேசன் தியேட்டருக்கு எடுத்து, மயக்கிக் கிடத்தித் தோளை வளைக்கப் பார்ப்பார். எலும்பு இப்போதுதான் பொருந்தினது, வளைக்கும்போது திரும்ப வெடித்தாலும் வெடிக்கும். அதை யோசித்துத்தான் அவர் இவ்வளவு நாளும் பொறுத்திருக்கிறார்.

கேதீஸ்வரி எழும்பி, இடது கையால் கைப்பையை எடுத்தாள். அதைத் தூக்கக் கை நீட்டிய அழகரத்தினம், பாதியில் கையை இழுத்துக்கொண்டார்.

நெல் ஏற்றுகிற சின்னப் பட்டா லொறியில் வீட்டுக்குத் திரும்பினார்கள். தன்னாமுனையில் வாவி பக்கத்தில் வந்து, வெயிலில் கண்ணைக் கூசவைத்துவிட்டு விலகிப் போனது. அழகரத்தினம் தனக்குத்தானே ஒரு சமாதானம் தேடிப் பார்த்தார். இரக்கத்தில்தானே செய்தேன். மனிசி அழுகிறதைப் பார்க்க ஏலாமல்தானே. நல்ல சமாதானம், ஆரிடம் விற்றாலும் விலைபோகும். வாங்குகிறவரும் தானே என்னும்போதுதான் சரக்கின் ஓட்டை தெரிகிறது.

நினைவுக்கு வந்தது மாசி மாதத்தில் ஒரு காலை. சுவரில் நடந்து போன அவளுடைய விரல், முதல்நாள் வைத்த சோக்குக் கோட்டைத் தாண்டி மேலே போனது. அவள் சிறுபிள்ளை மாதிரித் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அவரும் சிரித்தார். ஆனால் அந்த நேரம் அவருடைய நெஞ்சுக்குள் வந்தது சந்தோசம் இல்லை. நல்ல வாடிக்கைக்காரர் ஒருவர் தன் கடை வாசலைத் தாண்டி அடுத்த கடைக்கு ஏறுகிறதைப் பார்த்தால் யாவாரிக்கு ஒரு பயம் வரும். அதுதான் வந்தது.

கலியாணம் கட்டின நாளிலிருந்து அவர் பகல் சோற்றைத் தனியாகத்தான் தின்றிருக்கிறார். அவர் வருகிற நேரம் அவள் வகுப்பில். அவள் வருகிற நேரம் அவர் கடையில். பின்னேரம் ரியூஷன், இரவில் கொப்பி திருத்தல். இந்த மூன்று மாதம்தான் கதவைத் திறக்கும்போது அவள் வீட்டுக்குள் இருந்தாள். சோற்றைப் போட்டுக்கொண்டு இருவரும் எதிரும் புதிருமாக இருந்து, ஊர்க்கதை, பிள்ளையின் கதை, பழைய சண்டைகளின் கதை என்று பேசிக்கொண்டே தின்றார்கள். அவள் சொல்லுகிற பகிடிக்குச் சிரித்து, அவர் விக்கிப் போய்த் தண்ணீர் குடித்திருக்கிறார். இவ்வளவு பகிடி தெரிந்த ஒருத்தியோடு இவ்வளவு காலம் குடும்பம் நடத்தியும் அது தெரியாமல் போயிற்றே என்று கவலைப்பட்டிருக்கிறார்.

அன்றைக்குக் கோட்டைத் தாண்டின அந்த விரலைப் பார்த்து, "இண்டைக்கு இவ்வளவும் போதும்" என்று அவர் சொன்னது இரக்கத்தில் இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்குள் போனார். சீனிப் போத்தலை எடுத்துப் பழைய இடத்தில், மேல்தட்டில் வைத்தார். மாப் பேணியை ஏற்றினார். வந்தாறுமூலைக் கம்பஸில் படிக்கிற மகள் மேனுகா, பின்னேர வகுப்பு இல்லாதபடியால் வீட்டில் இருந்தாள். நடந்ததைத் தாயிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து, கதவு நிலையில் சாய்ந்து நின்று பார்த்தாள்.

"ஏத்திறதும் நீங்கதான், இறக்கிறதும் நீங்கதான். அம்மாட கைய எப்பப்பா ஏத்தப் போறீங்க?"

அவர் திரும்பவில்லை. துருவியைக் கையில் வைத்துக்கொண்டு, அது எந்தத் தட்டில் இருந்தது என்று யோசிக்கிற மாதிரி நின்றார்.

கேதீஸ்வரி உள்ளே வந்து, மேசைக்கு முன்னால் கதிரையில் இருந்தாள். "அத வைச்சிட்டு வாங்க. ஒண்டு கேக்கணும். சுத்தி வளைக்காமச் சொல்லுங்க. நான் மறுகா பள்ளிக்கூடம் போறது உங்களுக்கு விருப்பமா, இல்லையா?"

விலை கேட்டால் "நீங்க என்ன குடுப்பீங்க" என்று திருப்பிக் கேட்டுப் பழகின வாய் அது. இன்றைக்கும் அப்படித்தான் தொடங்கியது. அதென்ன கேள்வி, ஏன் இப்படிக் கேட்கிறாய் என்று. கேதீஸ்வரி காத்திருந்தாள். வீட்டுப்பாடம் செய்யாமல் வந்த பொடியன் கரும்பலகைக்கு முன்னால் நிற்கும்போது, அவள் அப்படித்தான் காத்திருப்பாளாம். எந்தப் பொடியனும் கனநேரம் தாக்குப்பிடித்ததில்லையாம்.

"போகாட்டி நல்லமெண்டு நினைச்சன்" என்றார் அழகரத்தினம்.

"எப்ப இருந்து?"

"நீ பகல்சோத்துக்கு என்னோட இருக்கத் தொடங்கினதுல இருந்து."

மேனுகா எதையோ சொல்ல வாயெடுத்தாள். தாய் பார்த்த பார்வையில் அடக்கிக்கொண்டாள்.

கேதீஸ்வரி தன் வலது கையை இடது கையால் தூக்கி மேசையில் வைத்தாள். "எனக்கும் அது நல்லாத்தான் இருந்த. நோகாம இருக்கிறதும் நல்லா இருந்த. நீங்க மிஸ்ஸுக்குப் பொய் சொல்லக்குள்ள நானும் பக்கத்துல இருந்து கேட்டுக்கொண்டுதானே இருந்த நான். பிழைய முழுக்க உங்கட தலையில போட மாட்டன்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா கை என்ட கை."

அவர் கையிலிருந்த துருவியை மேசையில் வைத்தார்.

"நீங்க கொஞ்ச நாளைக்குக் கடையில படுங்க" என்றாள்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். தாய் சீதனமாய் எழுதிக் குடுத்த வீட்டுக்கு, அழகரத்தினம் ஒரு தோல்பையும் ஒரு டோர்ச் லைட்டுமாக வந்து சேர்ந்த மாப்பிள்ளை. கூரை மாற்றினது அவர், மதில் கட்டினது அவர். ஆனாலும் போ என்றால் போகவேண்டியவரும் அவர்தான். இத்தனை வருசத்தில் அந்தச் சட்டத்தை அவள் ஒருநாளும் எடுத்து வீசினதில்லை. இன்றைக்கும் கோபமாக வீசவில்லை. அதுதான் அவருக்குக் கனத்தது.

"கோவத்துல சொல்லல்ல. நான் கத்தினா உங்கட முகம் போற போக்கில, நானே நிப்பாட்டிருவன். மேனுகா கல்நெஞ்சுக்காரி. அவள் செய்விப்பாள்."

"சந்தோசம் அம்மா" என்றாள் மேனுகா.

"எப்ப வரலாம்?" என்று கேட்டார் அவர். குரல் கடன் கேட்க வந்தவன் குரல் மாதிரி இருந்தது.

"கொண்டைய நானே கட்டின அண்டைக்கு."

அவர் தோல்பையைத் தேடப் போனார்.

பின்னேரம் கடைக்கு நெல் கொண்டுவந்த ஓட்டமாவடி பாறூக், உள்ளறையில் சுருட்டி வைத்திருந்த பாயையும் தலகாணியையும் கண்டுவிட்டான். கண்டதைப் பேசாமல் விடுகிற வாய் அவனுக்கு அல்லாஹ் குடுக்கவில்லை. அரிசி யாவாரத்தோடு பாய் யாவாரமும் தொடங்கியாச்சா என்று கேட்டான். பிறகு அழகரத்தினத்தின் முகத்தைப் பார்த்து, பகிடியை மடித்து வைத்துவிட்டு, ஒரு மூட்டையில் குந்திக்கொண்டான்.

அழகரத்தினம் நடந்ததைச் சொன்னார். தன்னை நல்லவனாகக் காட்டக்கூடிய இடங்களில்கூட நிற்காமல், நேராகச் சொன்னார். பாறூக் தாடியைத் தடவிக்கொண்டு கேட்டான். தன்னுடைய உம்மாவுக்குக் கால் முறிந்தபோது, தாங்களும் கட்டிலை விட்டு இறங்க விடாமல்தான் பார்த்தோம் என்றான். ஊரே புகழ்ந்ததாம். உம்மா பிறகு அந்தக் கட்டிலை விட்டு இறங்கவேயில்லை.

"நாங்க வைச்ச பாசம்தான் அவவ இறங்க விடல்ல அண்ணன்" என்றான். அன்றைக்கு நெல் விலைக்கு இரண்டு பேரும் பேரம் பேசவில்லை. அவன் சொன்னதை இவர் குடுத்தார்.

பாறூக்கின் லொறி சந்தியைத் தாண்டிப் போன கையோடு மேனுகா போன் எடுத்தாள். ஒத்தடம் குடுக்கிற சுடுதண்ணிப் பை எங்கே இருக்கிறது என்று கேட்டாள். அல்மாரியின் கீழ்த்தட்டில், துவாய்க்குப் பின்னால் என்றார். அவள் எடுத்துக்கொண்டே இன்னொரு சங்கதியும் சொன்னாள். பள்ளிக்கூடத்து அதிபர் நாளைக்கு வீட்டுக்கு வருகிறாராம். அம்மாதான் வரச்சொல்லியிருக்கிறாவாம். ஏன் என்று கேட்டால் சொல்லுகிறா இல்லை.

"அப்பா, கொஞ்சம் இரிங்க" என்று போனை எங்கேயோ வைத்தாள். கட் பண்ண மறந்துவிட்டாள்.

முதலில் சுவரோடு துணி உரசுகிற சத்தம் வந்தது. பிறகு மேனுகாவின் குரல், இன்னும் ஒன்று அம்மா, தோளை ஏத்தாமல், இன்னும் ஒன்று. பிறகு கேதீஸ்வரி கத்தினாள். இந்த மூன்று மாதத்தில் அவர் கேட்காத சத்தம் அது. இவ்வளவு நாளும் பாதியில் நிறுத்தி வைத்திருந்த நோவெல்லாம் சேர்ந்து வந்த மாதிரி ஒரு சத்தம்.

'விடு புள்ள' அவருடைய தொண்டை வரைக்கும் வந்தது. நாக்கு நுனிக்கும் வந்துவிட்டது. போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றார். மறுபடியும் அவள் கத்தினாள். மறுபடியும் விழுங்கினார். சாமான் வாங்க வந்த ஒரு பொம்புளை, முதலாளிக்கு என்ன சுகமில்லையா என்று கேட்க, ஒன்றுமில்லை என்று கையால் காட்டினார்.

போன் தானாக அறுந்த பிறகும் அவர் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. யாவாரக் குடும்பத்தில் பிறந்த மனதுக்கு, கடை பூட்டுமுன் கணக்குப் பார்க்காமல் இருக்க ஏலாது. பார்த்தார்.

வாங்கினது: மூன்று மாதத்துப் பகல்சோறு, அதோடு வந்த பேச்சும் பகிடியும், விரலில் ஒட்டின தலையெண்ணெய் மணம், வேலிக்கு அங்கால இருந்து கிடைத்த நல்ல பேர். எல்லாம் இவர் பெயரில்.

குடுத்தது: கொடி, மேல்தட்டு, கரும்பலகையின் முதல் வரி, செங்கோணத்துக்கு மேலே ஒரு மனிசிக்கு இருந்த அவ்வளவும். எல்லாம் அவளுடைய கணக்கிலிருந்து.

திரும்பக் கட்டினது: இன்று பின்னேரம், இரண்டு தரம் வாயை மூடிக்கொண்டு இருந்தது.

மிச்சம் முழுவதும் பாக்கி.